வற்றல் முதல் பொங்கல் வரை: தமிழ் உணவுப்பெயர்களில் தொழிலாகுபெயரும் அன்றாடச் சமையல் மரபும்

ஆய்வுச் சுருக்கம்

தமிழரின் அன்றாட உணவுப்பெயர்களுள் பெரும்பகுதி பொருளின் பெயரால் அன்றிச் சமைக்கும் தொழிலின் பெயரால் அமைந்தவை. அவியல், பொரியல், துவையல், வற்றல், சுண்டல், பொங்கல் முதலியன இலக்கணத்தார் தொழிலாகுபெயர் என வகுத்த இனத்தைச் சார்ந்தன. இப்பெயரமைப்பு வெறும் சொல்லாக்க முறை அன்று. எழுத்தில் ஏறாமல் இல்லந்தோறும் கைமாறி வந்த சமையல் அறிவைக் காத்த வடிவம் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. தன்வினை, பிறவினை வேறுபாடு உணவுப்பெயர்களில் கைத்தொழிலையும் காலத்தின் தொழிலையும் பிரித்துக் காட்டுவதும், புதிய காய்களையும் கிழங்குகளையும் இம்மரபு ஏற்றுக்கொண்ட முறையும், தொழிலைக் காத்த பெயர் தொழிலாளரை மறைத்த நிலையும், கருவி மாற்றத்தால் வினைச்சொற்கள் வழக்கிழந்து வருவதும் ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: தொழிலாகுபெயர், சமையல் வினைகள், அடுக்களை, தன்வினை, பிறவினை, உணவு மரபு.

முன்னுரை

இந்தியச் சமையல் மரபு பற்றிய ஆய்வுகள் பெரும்பாலும் உணவுப்பொருள்களின் வரலாறாகவோ, அரண்மனை, கோயில் ஆகியவற்றின் விருந்து வரலாறாகவோ அமைகின்றன. அரண்மனைச் சமையலுக்கு எழுத்துச் சான்றுகள் உண்டு. மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரன் 12ஆம் நூற்றாண்டில் வடமொழியில் இயற்றிய மானசோல்லாசம் அரசனது உணவு வகைகளை விரித்துரைக்கிறது. கோயில் மடைப்பள்ளிக்குக் கல்வெட்டுகள் சான்றாகின்றன. அன்றாட இல்லச் சமையலுக்கோ இத்தகைய நூலோ சாசனமோ இல்லை. தாயிடமிருந்து மகளுக்கும் மாமியாரிடமிருந்து மருமகளுக்கும் வாய்மொழியாகவும் கைப்பழக்கமாகவும் சென்ற அறிவு அது.

எழுதப்படாத அவ்வறிவு எங்கே பதிவாயிற்று என்பது அடிப்படை வினா. அது மொழியில், குறிப்பாக உணவுப்பெயர்களின் அமைப்பில் பதிவாகியுள்ளது என்பதே இக்கட்டுரையின் கருத்து. இதற்குரிய திறவுகோலை இலக்கண நூல்களே வழங்குகின்றன. தொழிலாகுபெயருக்கு எடுத்துக்காட்டாக ‘வற்றல்’ என்னும் உணவுப்பெயரைக் காட்டுவது இலக்கண ஆசிரியர் வழக்கம். வினைத்தொகைக்கு ‘ஊறுகாய்’ காட்டப்படுகிறது. இவ்விரு எடுத்துக்காட்டுகளும் அடுக்களையிலிருந்து வந்தமை தற்செயலாகத் தோன்றினும், தமிழ் உணவுப்பெயர்களின் பொதுத்தன்மை ஒன்றை அவை சுட்டி நிற்கின்றன.

1. நிலம் தருவதும் கை செய்வதும்

தொல்காப்பியம் கருப்பொருள்களை எண்ணுமிடத்துத் தெய்வத்தை அடுத்து உணவை வைக்கிறது. உரையாசிரியர்கள் குறிஞ்சிக்குத் தினை, முல்லைக்கு வரகும் சாமையும், மருதத்துக்கு நெல், நெய்தலுக்கு மீனும் உப்பும் விற்றுப் பெற்ற பொருள் எனத் திணைதோறும் உணவைப் பகுத்தனர். இப்பகுப்பில் உணவு என்பது நிலம் தரும் பொருள். சமைத்த பண்டம் அன்று.

சமைத்த பண்டத்துக்கு வரும்போது மொழி வேறொரு நெறியைப் பின்பற்றுகிறது. அங்கே முதன்மை பெறுவது வினை. ‘அடு’ என்னும் வினையடி அடுப்பு, அடிசில், அட்டில், அடுக்களை எனப் பல சொற்களை ஈன்றுள்ளது. நெருப்பு எரியும் இடம், அங்கே ஆக்கப்படும் சோறு, ஆக்கும் அறை ஆகிய மூன்றும் ஒரு வினையினின்று பெயர் பெற்றுள்ளன. பிற்காலத்து ‘ஆக்கு’, ‘சமை’ என்னும் வினைகளும் இவ்வாறே பரந்த பொருளுடையன. சோறாக்குதல் என்பதில் உணவு புதிதாக உருவாக்கப்படுகிறது. சமைதல் என்பது பக்குவம் எய்துதல், ஆயத்தமாதல் என்னும் பொருளது. பெண் பூப்பெய்துதலையும் அச்சொல்லே குறிக்கும்.

இவ்விரு நெறிகளையும் இணைத்து நோக்கின், உணவுப்பொருள் நிலத்துக்குரியது, சமைக்கும் முறை மக்களுக்குரியது என்னும் பாகுபாடு புலப்படும். பெயரில் நின்றது இரண்டாவதே. வெண்டைக்காய் கிடைக்கும் நாளில் வெண்டைக்காய்ப் பொரியல். கத்தரிக்காய் கிடைக்கும் நாளில் கத்தரிக்காய்ப் பொரியல். காய் மாறும், பொரியல் மாறாது. அன்றாடச் சமையல் என்பது சந்தையிலும் கொல்லையிலும் அன்று எது கிடைத்ததோ அதைக் கொண்டு செய்வது. ஆதலின் அதற்கு வேண்டுவது பண்டங்களின் பட்டியல் அன்று; எப்பொருளின் மீதும் செலுத்தத்தக்க வினைகளின் அறிவு. உணவுப்பெயர் தொழிலாகுபெயராய் அமைந்ததன் வாழ்வியற் காரணம் இதுவே எனலாம்.

2. பெயர்களின் சொல்லமைப்பு

தொழிற்பெயர் விகுதிகளுள் ஒன்றாகிய ‘அல்’ உணவுப்பெயர்களில் மிகுதியாகப் பயில்கிறது. அவி+அல் அவியல், பொரி+அல் பொரியல், மசி+அல் மசியல், துவை+அல் துவையல், வறு+அல் வறுவல், வதக்கு+அல் வதக்கல், துவட்டு+அல் துவட்டல், பிரட்டு+அல் பிரட்டல், வற்று+அல் வற்றல், சுண்டு+அல் சுண்டல், பொங்கு+அல் பொங்கல் என இவை விரியும். கொங்கு நாட்டில் பயறும் கீரையும் மத்தால் கடையப்பட்டுக் ‘கடைசல்’ ஆகின்றன. நாஞ்சில் நாட்டுத் ‘தீயல்’ தேங்காயையும் மசாலைப் பொருள்களையும் கருக வறுத்து அரைக்கும் முறையால் பெயர் பெற்றது. ஈழத்திலும் ‘பிரட்டல் கறி’ வழங்குகிறது.

விகுதியின்றி முதனிலையே பெயராய் நிற்பனவும் உண்டு. பருப்பும் காயும் ஒன்றாகக் கூட்டப்படுவது கூட்டு. புளிநீரும் அரைத்த விழுதும் கலந்து குழம்புவது குழம்பு. வினைத்தொகைகளாக அமைந்தவை மூன்றாம் வகையின. ஊறுகாய், பொரிகடலை, சுடுசோறு, வடிகஞ்சி ஆகியவை இவ்வகையின. ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என முக்காலமும் தொக்கு நிற்பது வினைத்தொகை. சாடியில் இட்ட நாள்முதல் தீரும் நாள்வரை ஊறிக்கொண்டே இருக்கும் பண்டத்துக்கு இதனினும் பொருத்தமான சொல்லமைப்பைக் காண்பது அரிது.

இவ்வகைப்பாட்டில் அடங்காத பெயர்களும் உள. வடை, தோசை, இட்டலி போன்ற பண்டப்பெயர்களும், ரசம், குருமா, பிரியாணி போலப் பிறமொழிப் பெயரோடு வழங்குவனவும் தனித்து ஆராய்தற்குரியன. எனினும் ரசத்துக்குச் ‘சாறு’ என்னும் தமிழ்ப்பெயரும், மிளகுத்தண்ணீர் என்னும் பெயரும் இணையாக வழங்கின. பின்னது ஆங்கிலத்தில் ‘மல்லிகடானி’ எனத் திரிந்து புகுந்தது.

தொழிலாற் பெயர்பெறும் இவ்வழக்கு தமிழுக்கு மட்டும் உரியதன்று. தெலுங்கின் ‘வேபுடு’ வறுத்தலையும் ‘இகுரு’ நீர் சுண்டுதலையும் குறிக்கும் வினைகளோடு தொடர்புடையன. மலையாளத்தின் ‘மெழுக்குபுரட்டி’ நெய்ப்பசையில் புரட்டுதலைப் பெயரிலேயே உரைக்கிறது. வங்காளத்தின் ‘பாஜா’ வறுத்தது என்னும் பொருளது. தமிழின் சிறப்பு, இவ்வழக்கு ஓரிரு பெயர்களில் நில்லாமல் அன்றாட உணவின் பெரும்பகுதியையும் தழுவியிருப்பதிலும், அதனை இலக்கண மரபு ஒரு வகையாக அடையாளம் கண்டு பெயரிட்டமையிலும் உள்ளது.

3. கையின் தொழிலும் காலத்தின் தொழிலும்

உணவுப்பெயர்களுக்கு அடியாகிய வினைகளைத் தன்வினை, பிறவினை எனப் பகுத்து நோக்கின் ஒரு தெளிவான ஒழுங்கு புலப்படுகிறது.

முதல்வகை பிறவினையடியாகப் பிறந்த பெயர்கள். வதங்கு என்பது தன்வினை. வதக்கு என்பது பிறவினை. உணவுப்பெயர் வதக்கல். துவள் என்பதற்குத் துவட்டு, புரள் என்பதற்குப் புரட்டு அல்லது பிரட்டு. உணவுப்பெயர்கள் துவட்டல், பிரட்டல். கூடு என்பதற்குக் கூட்டு. வறுத்தல், கடைதல், துவைத்தல் ஆகியனவும் செய்வார் ஒருவரை வேண்டி நிற்கும் செயப்படுபொருள் குன்றா வினைகள். இவ்வுணவுகள் அனைத்தும் அடுப்பருகே ஆள் நின்று, கரண்டியோ மத்தோ குழவியோ கையிற் கொண்டு, கணமும் அகலாது செய்யப்படுவன.

இரண்டாம் வகை தன்வினையடியாகப் பிறந்தவை. வற்றல், சுண்டல், பொங்கல், ஊறுகாய் ஆகியவற்றில் வற்றுவதும் சுண்டுவதும் பொங்குவதும் ஊறுவதும் பொருள்தான். வெயிலில் பரப்பிய சுண்டைக்காய் தானே வற்றுகிறது. வேகும் பயற்றில் நீர் தானே சுண்டுகிறது. பானையிலிட்ட அரிசியும் பாலும் தாமே பொங்குகின்றன. ஆக்குவார் செய்வது அதற்குரிய நிலையை அமைத்துக் காத்திருத்தல். இங்கே தொழில் புரிவது வெயிலும் உப்பும் காலமும்.

மூன்றாம் வகை இருவினைக்கும் பொதுவான அடிகளைக் கொண்டது. அவிந்தது, அவித்தாள், பொரிந்தது, பொரித்தாள், மசிந்தது, மசித்தாள் என இவை இருவகையாகவும் நிகழும். அவியலும் பொரியலும் மசியலும் பொருளின் இயல்பும் கையின் முயற்சியும் ஒத்து நிகழ்வன ஆதலின், இப்பொதுமை அவற்றுக்கு இயைந்தே உள்ளது.

இப்பாகுபாடு இல்லத்தின் கால ஒழுங்கோடு பொருந்துகிறது. கையின் தொழிலால் ஆகும் உணவு அன்றன்று ஆக்கி அன்றன்று உண்பது. காலத்தின் தொழிலால் ஆகும் உணவுகளுள் வற்றலும் ஊறுகாயும் வடகமும் ஆண்டு முழுமைக்கும் சேமிப்பன. சித்திரை, வைகாசி வெயிலில் மொட்டைமாடியிலும் முற்றத்திலும் உலர்ந்தவை, காய் கிடைக்காத ஐப்பசி மழைநாளில் வற்றற்குழம்பாகின்றன. பெரும்பாணாற்றுப்படையில் மாதுளங்காயை மிளகும் கறிவேப்பிலையும் கூட்டிச் சமைத்த உணவோடு மாவடு ஊறுகாயும் விருந்துக்கு வைக்கப்படுவதை நோக்க, இச்சேமிப்பு முறையின் தொன்மை விளங்கும்.

தன்வினை உணவுகளுள் பொங்கல் தனிச்சிறப்புடையது. பொங்குதல் என்னும் தொழிற்பெயர் முதலில் அவ்வாறு பொங்கி ஆகும் சோற்றுக்கு ஆயிற்று. பின்னர் அச்சோறு படைக்கப்படும் தைத்திருநாளுக்கு ஆயிற்று. கருநிறத்தைக் குறித்த ‘கார்’ முகிலுக்கும், பருவத்துக்கும், அப்பருவத்துப் பயிருக்கும் ஆனது போன்ற அடுக்கு ஆகுபெயர் இது. ஓர் அடுக்களை வினை ஒரு மக்களினத்தின் பெருவிழாவுக்குப் பெயரானது, சமையல் அன்றாட வாழ்வின் ஓரத்தில் இல்லை என்பதற்குப் போதிய சான்று.

4. வினைகளின் நுண்வேறுபாடு

சமையல் வினைகள் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கத்தக்கன அல்ல. வெப்பம் எதன்வழிச் செல்கிறது, எவ்வளவு நேரம் செல்கிறது, பொருளில் என்ன மாற்றம் நிகழ வேண்டும் என்னும் மூன்று கூறுகளை அவை ஒரு சொல்லில் அடக்கியுள்ளன.

நெருப்பில் நேரே படுவது சுடுதல். நெருப்பின் அனலில் நீர்ப்பசை குறைவது வாட்டுதல். எண்ணெய் இன்றியோ சிறிதளவு இட்டோ வெறுஞ்சட்டியில் ஈரம் போகக் கிளறுவது வறுத்தல். சிறிது எண்ணெயில் பொருளின் நீரே அதனை மென்மையாக்குமாறு செய்வது வதக்குதல். எண்ணெயில் முழுக இட்டு உப்பவோ மொறுமொறுப்பாகவோ எடுப்பது பொரித்தல். நீரின் வகையிலும் இவ்வாறே வேகவைத்தல், அவித்தல், காய்ச்சுதல், சுண்டவைத்தல், வடித்தல் ஆகியவை வேறுவேறு. பால் காய்ச்சப்படும், நெய் உருக்கப்படும், சோறு வடிக்கப்படும், இடியாப்பம் அவிக்கப்படும். வெங்காயத்தை வதக்கு என்றால் கருகும் முன் நிறுத்த வேண்டும் என்பதும், வற்றலைப் பொரி என்றால் எண்ணெய் முதலில் நன்கு காய வேண்டும் என்பதும் சொல்லாமலே விளங்கும். ஆங்கில விளக்கம் தரும் அகராதிகளில் வறு, பொரி, வதக்கு ஆகிய மூன்றும் பெரும்பாலும் ஒரே ஆங்கிலச் சொல்லால் விளக்கப்படுவதால் இந்நுட்பம் அங்கே மறைகிறது.

நெல்லை அவித்து உலர்த்திக் குத்துவதும் அவ்வாறே வினையால் பெயர் பெற்றது. புழுக்கப்பட்டது புழுங்கல் அரிசி; புழுக்கப்படாதது பச்சரிசி. ஊறவைத்துப் புழுக்கும்போது தவிட்டுப் பகுதியிலுள்ள உயிர்ச்சத்துகளில் ஒருபகுதி அரிசியின் உள்ளே செல்வதால், தீட்டியபின்னும் அவை ஓரளவு எஞ்சுகின்றன. இவ்வறிவியல் விளக்கம் பிற்காலத்தது. வினையும் அதன் பயனும் முன்னரே வழக்கில் இருந்தன.

வினையை எங்கே நிறுத்துவது என்பதை உணர்த்துவது ‘பதம்’ என்னும் சொல். பாகு காய்ச்சுகையில் கம்பிப் பதம், உருட்டுப் பதம் என அது வரையறுக்கப்படும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்னும் பழமொழி இச்சோதனை முறையையே பொது அறிவின் நெறியாக்குகிறது. அளவுகளும் இவ்வகையினவே. எலுமிச்சை அளவு புளி, சுண்டைக்காய் அளவு பெருங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள், ஒரு பிடி பருப்பு என அவை கையையும் கண்ணையும் சார்ந்துள்ளன. இல்லத்தில் ஆள் கூடினாலும் குறைந்தாலும் இவ்வளவுகள் நெகிழ்ந்து கொடுக்கும்.

இந்நுண்வேறுபாடுகள் அடுக்களைக்கு வெளியிலும் மக்கள் பேச்சில் இயங்குகின்றன. கடிந்து பேசுபவர் வறுத்தெடுக்கிறார். சினந்தவர் கொதித்தெழுகிறார், சினத்தை வெளிக்காட்டாதவர் உள்ளுக்குள் புழுங்குகிறார். கோப்பினை முடிவெடுக்காது வைத்திருப்பது ஊறப்போடுதல். சொன்னதையே சொல்வது அரைத்த மாவையே அரைத்தல். அச்சம் வயிற்றில் புளியைக் கரைக்கிறது. கொதித்தலும் புழுங்குதலும் மாறிப் பயன்படாமை கருதத்தக்கது: முன்னது மூடியைத் தள்ளும் வெப்பம், பின்னது மூடிக்குள் அடங்கிய வெப்பம். அடுக்களையில் கற்ற வேறுபாடே உள்ளத்து நிலைகளைப் பிரித்தறியவும் கருவியாகிறது.

5. புதுப்பொருளும் பழவினையும்

1498இல் போர்த்துகீசியர் கடல்வழியாக இந்தியா வந்தபின் அமெரிக்கக் கண்டத்துப் பயிர்கள் படிப்படியாக இங்கே பரவின. மிளகாய், உருளைக்கிழங்கு, தக்காளி ஆகியன அவ்வாறு வந்தவை. அதற்கு முன்னர்த் தமிழர் உணவின் காரம் பெரிதும் மிளகினது. சங்க நூல்களில் ‘கறி’ என்பது மிளகைக் குறிக்கும். யவனர் மரக்கலங்கள் முசிறிக்குப் பொன்னொடு வந்து மிளகோடு மீண்டதை அகநானூறு (149) கூறுகிறது.

புதிய காரப்பொருளுக்குத் தமிழ் இட்ட பெயர் மிளகு, காய் என்னும் இரு பழஞ்சொற்களின் சேர்க்கை. உருளைக்கிழங்கு வடிவத்தால் பெயர் பெற்றது. இப்பொருள்களுக்கெனப் புதிய சமையல் வினை எதுவும் தோன்றவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. உருளைக்கிழங்கு வறுவலாகவும் மசியலாகவும் ஆயிற்று. ஐரோப்பியர் வழி வந்த முட்டைக்கோசும் பீட்ரூட்டும் பொரியலாயின. தக்காளி துவையலிலும் குழம்பிலும் புகுந்தது. அயற்பொருள் ஒன்று முன்பே நிலைபெற்ற வினையின் செயப்படுபொருளாக அமர்ந்ததும் வீட்டுப்பொருளாகிவிடுகிறது. பெயர் வினையைச் சார்ந்திருந்தமையாலேயே இவ்வேற்பு இடர்ப்பாடின்றி நிகழ்ந்தது.

கோயில் வழக்கும் இதனோடு ஒப்பிடத்தக்கது. இடைக்காலக் கோயிற் கல்வெட்டுகள் இறைவனுக்குப் படைக்கும் அமுதுபடிகளைக் கூறுமிடத்துப் பொரிக்கறி, புளிங்கறி, புழுக்குக்கறி எனக் கறிகளைச் சமைக்கும் முறையாலும் சுவையாலும் பகுத்துள்ளன. கறியமுது, நெய்யமுது, தயிரமுது என்னும் அவற்றின் பெயர்முறை வைணவ இல்லங்களின் கறியமுது, சாற்றமுது, திருக்கண்ணமுது ஆகிய வழக்குகளில் இன்றும் தொடர்கிறது. மடைப்பள்ளிக்கும் அடுக்களைக்கும் இடையே சொல்வழி அறாது நின்றமைக்கு இது சான்று.

எளிய இல்லங்களின் சிக்கன முறையும் பெயர்களில் பதிந்துள்ளது. அரிசி களைந்த நீர் தெளிந்து அடியில் நிற்கும் மண்டியைக் கொண்டு செய்வது செட்டிநாட்டின் மண்டி. வடித்த கஞ்சி ஆளுக்கும் மாட்டுக்கும் உணவு; துணிக்கு மொடமொடப்பு. இரவில் எஞ்சிய சோறு நீரூற்றப்பட்டு விடியலில் பழஞ்சோறாகவும் நீராகாரமாகவும் உழைப்பாளியின் காலை உணவாயிற்று. மாலை உலையில் தொடங்கிய வினை மறுநாட் காலையில் முற்றுப்பெறுகிறது. ஒரு நாளை அடுத்த நாளோடு தொடுக்கும் கண்ணியாகச் சோற்றுப்பானை நிற்கிறது.

6. பெயர் மறைத்தவர்

தொழிலாகுபெயர் தொழிலைக் கூறும். தொழில் செய்தவரைக் கூறாது. துவையல் என்னும் சொல்லில் துவைத்தல் இருக்கிறது. அம்மியின் முன் குனிந்திருந்தவர் இல்லை. இவ்விடுபாட்டை நிறைவு செய்வது இலக்கியம்.

குறுந்தொகையின் 167ஆம் பாடலில் கூடலூர் கிழார் புதிதாக இல்லறம் ஏற்ற தலைவியின் சமையலைக் காட்டுகிறார். முற்றிய தயிரைப் பிசைந்த விரலை அவள் உடுத்த ஆடையிலேயே துடைக்கிறாள். தாளிப்பின் புகை கண்ணில் நிறைகிறது. தாளிதத்துக்கு அங்கே வழங்கும் சொல் ‘குய்’. அவள் துழாவி ஆக்கிய புளிப்பான உணவைக் கணவன் இனிதென உண்ண, அவள் முகம் நுண்ணிதாக மலர்கிறது. செல்வ மகளாய் வளர்ந்தவள் தன் கையால் ஆக்கும் இல்லத்தலைவியாய் மாறியதைச் செவிலி காண்பதே பாடலின் உயிர். அங்கே விரலும் ஆடையும் கண்ணும் பேசப்படுவதால் உழைப்பு உடலோடு காணப்படுகிறது.

சிலப்பதிகாரம் இதன் துயர வடிவம். மதுரைப் புறஞ்சேரியில் ஆய்ச்சியர் தந்த அரிசியும் காய்களும் கொண்டு கண்ணகி சமைக்கிறாள். காய் அரிந்த விரல் சிவக்கிறது, முகம் வியர்க்கிறது, கண் சிவக்கிறது, ஐயை வைக்கோலால் தீ மூட்டித் துணைநிற்கிறாள். அவ்வுணவே கோவலன் உண்ட இறுதி உணவு. புறநானூறு (14) மற்றொரு கையைக் காட்டுகிறது. தம் கை மென்மையாய் இருத்தற்குக் காரணம் கேட்ட சேரனுக்கு, ஊனும் துவையும் கறியும் சோறும் உண்பதன்றி வேறு தொழில் அறியாமையே காரணம் எனக் கபிலர் விடையளிக்கிறார். உண்பாரின் கை மென்மையும் ஆக்குவாரின் கைச்சிவப்பும் அருகருகே வைத்து எண்ணத்தக்கன.

வினை நிகழாத அடுக்களையும் புலவர் நோக்கிலிருந்து தப்பவில்லை. பெருந்தலைச் சாத்தனார் குமணனிடம் தம் இல்லத்தின் வறுமையைச் சொல்லும்போது (புறம். 164), சமைத்தலை மறந்த அடுப்பில் காளான் பூத்திருப்பதைக் காட்டுகிறார். சிறுபாணாற்றுப்படையில் பாணன் மனைவி குப்பைக் கீரையை உப்பின்றி வேகவைத்து, பிறர் காண நாணிக் கதவடைத்துச் சுற்றத்தோடு உண்கிறாள். அடுப்பெரியவில்லை என்னும் இன்றைய வழக்கும் இவ்விடத்தினின்றே பேசுகிறது. தமிழில் வறுமைக்கு அளவுகோல் இல்லாத பொருள் அன்று, நிகழாத வினை.

7. கருவி மாற்றமும் சொல்லிழப்பும்

கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் அடுக்களையின் கருவிகள் விரைந்து மாறின. 1950களின் இறுதியில் இந்தியாவில் அழுத்தக்கலன் உற்பத்தி தொடங்கியது. பின்னர் எரிவாயு அடுப்பும் மின்னம்மியும் மாவரைக்கும் இயந்திரமும் பரவின. அம்மியிலும் ஆட்டுக்கல்லிலும் உரலிலும் பெண்கள் செலவிட்ட உடலுழைப்பு குறைந்தது. இந்நன்மையைக் குறைத்து மதிப்பிட இயலாது. புகையில் கண் சிவந்த கண்ணகியரின் பார்வையில் இது விடுதலையே.

மொழியில் இதன் விளைவு இருவகையாக உள்ளது. சில வினைகள் கருவி மாறினும் பொருள் விரிந்து நிலைத்தன. அரைத்தல் அம்மியிலிருந்து மின்னம்மிக்குச் சென்றது. வேறு சில கருவியோடு அகன்றன. அழுத்தக்கலனில் அளவுநீர் வைப்பதால் வடித்தல் பல இல்லங்களில் இல்லை. அதனோடு வடிகஞ்சியும் வடிதட்டும் நீங்கின. துவைத்தல் இன்று பெரிதும் துணிக்குரிய வினையாய்விட, உணவில் துவையல் என்னும் பெயர் மட்டும் எஞ்சியுள்ளது. புடைத்தல், கொழித்தல், நாவுதல், தெள்ளுதல் என முறத்தைக் கொண்டு செய்த நான்கு வேறு தொழில்களையும் பிரித்தறிவார் அருகி வருகின்றனர். மறுபுறம் புதிய கால அளவு ஒன்றும் தோன்றியுள்ளது: மூன்று விசில், நான்கு விசில் எனக் கலனின் ஒலி நேரத்தை அளக்கிறது. கண் பார்த்த பதத்தின் இடத்தைச் செவி கேட்கும் எண்ணிக்கை பெற்றுள்ளது.

பெயரிடும் நெறியிலும் மாற்றம் தெரிகிறது. உணவகப் பட்டியல்களில் வறுவலும் பொரியலும் ‘ஃபிரை’ என்னும் ஒரே சொல்லில் அடங்குகின்றன. குழம்பின் பல நிலைகள் ‘கிரேவி’ ஆகின்றன. பொடிப்பொட்டலங்கள் உணவின் பெயரையே பொருளின் பெயராகக் கொண்டு, வறுத்தல், இடித்தல், சலித்தல் ஆகிய வினைகளை இல்லத்தினின்று ஆலைக்கு மாற்றியுள்ளன. பிறமொழிச் சொல் கலத்தலால் மட்டும் இழப்பு நேர்வதில்லை. ரசமும் குருமாவும் கலந்தே வாழ்கின்றன. பல வினைகளின் வேறுபாடு ஒரு சொல்லுக்குள் கரைவதே இழப்பு.

அச்சுநூல்கள் இடைப்பட்ட காலத்தில் ஆற்றிய பணி இங்கே நினைக்கத்தக்கது. எஸ். மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ 1951இல் வெளிவந்தது. கூட்டுக்குடும்பம் குறைந்து, கற்பிக்க மூத்தோர் அருகில் இல்லாத இளம் இல்லங்களுக்கு அத்தகைய நூல்கள் மூத்தோரின் இடத்தில் நின்றன. அந்நூலின் தலைப்பே இரு வினைகளால் ஆனது. எனினும் அச்சுநூல் வினைகளை அறிந்தவருக்கே பயன்படும்; ‘வதக்கவும்’ என்னும் கட்டளைக்குப் பொருள் தெரியாதவர்க்கு அளவுகள் உதவா.

முடிவுரை

தமிழ் உணவுப்பெயர்களில் தொழிலாகுபெயர் பெற்றுள்ள முதன்மை, அன்றாடச் சமையல் என்பது பொருளறிவைக் காட்டிலும் வினையறிவாக வாழ்ந்தமையை உணர்த்துகிறது. தன்வினையும் பிறவினையும் காலத்தின் தொழிலையும் கையின் தொழிலையும் பிரித்துணர்த்தின. புதுப்பொருள்களைப் பழவினைகள் ஏற்றுக்கொண்டன. பெயர்கள் தொழிலைக் காத்தன. தொழில் செய்தாரை இலக்கியம் காத்தது.

ஆகவே உணவு மரபைப் பதிவு செய்யும் முயற்சி பண்டங்களின் பட்டியலோடும் செய்முறைக் குறிப்புகளோடும் நின்றுவிடலாகாது. வட்டாரந்தோறும் வழங்கும் சமையல் வினைகளை, அவற்றின் தன்வினை பிறவினை வடிவங்களோடும், அவை வேண்டும் கருவி, வெப்பம், பதம் ஆகியவற்றோடும் தொகுத்தல் வேண்டும். கொங்கு நாட்டுக் கடைதலும் நாஞ்சில் நாட்டுத் தீயலும் செட்டிநாட்டு மண்டியும் ஈழத்துப் பிரட்டலும் அத்தொகுப்பில் தத்தம் பொருள் வேறுபாட்டோடு இடம்பெற வேண்டும். இத்தொகுப்பிற்குத் தகவலாளர்கள் ஆய்வு நூலகங்களில் இல்லை. வடித்தும் புடைத்தும் துவைத்தும் அறிந்த முதிய பெண்டிர் அவர்கள். அவர்தம் கையறிவு சொல்லாய்ப் பதிவாகும்போது, தொழிலாகுபெயர் சொல்லாது விட்ட எழுவாயும் அதனோடு பதிவாகும்.